அலைவாசலில் முதல் ஆர்டர்

காலை ஐந்து மணிக்கு எழுவேன். குளித்துவிட்டுச் சாவிக்கொத்தோடு உணவகத்துக்கு வருவேன். முதலில் சாலைப் பக்கக் கதவு, பிறகு கடல் பக்கக் கதவு. இரண்டையும் அகலத் திறந்து சுவரோடு கொக்கி மாட்டுவேன். கதவை ஒட்டி நாற்காலியோ தண்ணீர்க் கேனோ கிடந்தால் நகர்த்தி வைப்பேன். பாரில் முந்தின நாள் கிளாஸ்களைக் கழுவப் போட்டு, பாட்டில்களின் கழுத்தைத் துடைப்பேன். உப்புக் காற்றில் ஒரு நாள் விட்டாலும் பிசுபிசுக்கும். ஐந்து ஐம்பதுக்கு, கடல் பக்கக் கதவுக்கு வெளியே உள்ள மரத்தளத்தின் கூரை உத்தரத்தில் இருக்கும் கேமராவை ஓட விடுவேன். கடலில் சூரியன் எழுவதை ஹோட்டலின் இணையப் பக்கத்தில் நேரலையாகக் காட்டுவோம். அலைச் சத்தத்துக்காக ஒரு மைக்கும் உண்டு. நாற்பது ஐம்பது பேர் பார்ப்பார்கள். ஆறரைக்கு நிறுத்துவேன். ஆறே முக்காலுக்குச் சங்குசக்கரத்துக்குக் காபி கொண்டு போவேன்.

சங்குசக்கரம் என்பது ஓர் அறை. அலைவாசலில் பன்னிரண்டு அறைகள். எல்லாவற்றுக்கும் பட்டாசுப் பெயர்தான். மத்தாப்பு, புஸ்வாணம், சாட்டை. விருந்தாளிகள் பெயர்ப் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வேம்பாருக்குத் தெற்கே, கடலிலிருந்து எண்பது அடி தள்ளி இருக்கிறது ஹோட்டல். வெம்பக்கோட்டையில் தேக்கி வைக்கிற வைப்பாறு, தண்ணீர் மிஞ்சினால், இந்தப் பக்கம்தான் கடலில் சேர வேண்டும். நான் வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் மிஞ்சவில்லை.

முதலாளி குடும்பம் சிவகாசி. காசிராஜன் அண்ணாச்சிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் மூன்று பட்டாசு யூனிட். ஹோட்டலை அவர் மனைவி கற்பகவல்லி அம்மாவும் மகன் ராஜபாண்டியனும் நடத்துகிறார்கள். அடுப்படி அம்மாவுடையது. பார் மகனுடையது. மற்ற எல்லாம் என்னுடையது. கேட்டரிங் பட்டம் படித்தவன். பெயர் மாரீஸ்வரன்.

சங்குசக்கரத்தில் இரண்டு மாதமாக இருந்தவர் காசிராஜன் அண்ணாச்சி.

வைகாசியில் அவருடைய இரண்டாவது யூனிட்டில் வெடி விபத்து. ஒன்பது பேர் இறந்தார்கள். போர்மேனைக் கைது செய்தார்கள். அண்ணாச்சி தலைமறைவு, தனிப்படை தேடுகிறது, கேரளாவில் இருக்கலாம் என்று பத்திரிகையில் வந்தது. அவர் எங்கள் சாம்பாரில் புளி தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டு இங்கேதான் இருந்தார். ஹோட்டல் கற்பகவல்லி அம்மாவின் தம்பி பெயரில் இருக்கிறது. ஒரு தடவை விசாரிக்க வந்தார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொன்னவன் நான்.

ஒன்பது பேரில் ஒருத்தி என் மனைவி. அழகுமீனா. இருபத்தைந்து வயது. மல்லாங்கிணற்றில் மக்காச்சோளம் போடுகிற வீட்டுப் பெண். பி.காம்.

அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் அவள் வீட்டில் சும்மா இருந்தாள். அண்ணாச்சி ஒரு நாள் இங்கே சாப்பிட வந்தபோது கேட்டேன். "ஒன் வீட்டுக்காரி படிச்சவளா? லேபிள் செக்சனுக்கு அனுப்பு. நம்ம பிள்ளைல்லா" என்றார். அடுத்த வாரம் சேர்ந்தாள். வெம்பக்கோட்டையில் வீடு பிடித்தோம். நான் வாரம் ஒரு நாள் போவேன்.

சித்திரையில் சீசன் வேலை கூடியது. ஒரு திங்கட்கிழமை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

"நாளையிலருந்து பன்னெண்டாம் ரூம்ல உக்காரச் சொல்றாக. வெடிமருந்து செலுத்துற ரூம்."

"லேபிள்னுதான சேத்தாங்க?"

"ஆள் பத்தலையாம். நீங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

சொல்லியிருக்கலாம். அந்த வாரம்தான் எனக்கு மேனேஜர் என்று சட்டையில் குத்த ஒரு பெயர் வில்லை கொடுத்திருந்தார்கள்.

"சீசன் வரைக்கும்தான். பயப்படாத. சட்டப்படி ஒவ்வொரு ரூமுக்கும் ரெண்டு கதவு. ஒண்ணுல தீன்னா இன்னொண்ணுல வெளிய வந்துரலாம்."

"நீங்க பாத்தீகளா?"

"படிச்சிருக்கேன்."

"படிச்ச மாப்பிள்ளை" என்று சிரித்தாள். டிபன் பாக்ஸை என் பைக்குள் வைத்தாள்.

விபத்துக்குப் பிறகு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்து, சுடுகாட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன். ராஜபாண்டியன் வந்தார். சட்டைப் பையில் பேனா, கையில் நாலைந்து தாள். "நிவாரணத்துக்குடா மாரி. அலைய வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்ன என்று பார்க்கவில்லை.

பதினாறு முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். இன்னுமா அங்கே போகிறாய் என்று கேட்காதவர் இல்லை. ஐந்து மணிக்கு முழிப்பு வந்தது. கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆடி பிறந்த முதல் வாரம் முன்ஜாமீனுக்காகச் சென்னையிலிருந்து வக்கீல் வந்தார். மத்தியானம் மூன்று மணி, பார் திறக்காத நேரம். அண்ணாச்சியும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஐஸ் வைத்தேன். அண்ணாச்சி ஒரு கதை சொன்னார். விபத்தன்று காலையில் அவர் யூனிட்டுக்குப் போயிருக்கிறார். வட இந்தியாவுக்குப் போகிற சரக்குக்கு லாரி வரவில்லை. பெட்டிகளை வைக்க இடம் இல்லை. பன்னிரண்டாம் ரூமின் பின்கதவை ஒட்டி அடுக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு, கார் ஏறியிருக்கிறார். பத்து நிமிடத்தில் ரூம் போய்விட்டது.

"பத்து நிமிசம் வக்கீலய்யா. அங்கன நின்னேன்னா நானும் சாம்பல். ராசி இல்லாம என்னங்கீக?"

வக்கீல் கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, இதை என்கிட்டகூடச் சொல்லாதீங்க."

"ஒங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல?" அண்ணாச்சி சிரித்தார். என்னைப் பார்த்து, "மாரி, முந்திரி கொண்டாலே" என்றார்.

முந்திரியோடு திரும்பியபோது அவர் அறைக்குப் போய்விட்டார். வக்கீல் கை கழுவப் போயிருந்தார். மேஜையில் கோப்பு திறந்து கிடந்தது. மனு ஆங்கிலத்தில் இருந்தது. மனுதாரர் சம்பவத்துக்கு முந்தைய ஒரு மாதமாக ஆலைப் பக்கமே போகவில்லை. விபத்துக்குக் காரணம் அழகுமீனா என்ற தொழிலாளி. மருந்தை அழுத்திச் செலுத்தியதில் உராய்வு. தன் கவனக்குறைவுதான் என்று இறப்பதற்கு முன் அவளே கணவனிடம் சொன்னாள். அதற்குக் கணவனின் வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது.

அடுத்த தாளைத் திருப்பினேன். தமிழில் ஒரு பத்தி. கீழே என் கையெழுத்து. மாரீஸ்வரன், பி.எஸ்ஸி.

மேஜையைத் துடைத்தேன். முந்திரியை வைத்தேன்.

அன்றிரவு தூங்கவில்லை. எட்டுப் பேரைக் கொன்றவள் என்று அவள் தாளில் இருந்தாள். எழுதிக் கொடுத்தது நான். காபியில் எதையாவது கலந்துவிடலாம் என்று யோசித்தேன். சுலபம். தினமும் என் கையால்தான் குடிக்கிறார். ஆனால் அவர் செத்துப்போவார், அவ்வளவுதான். தாள் அப்படியே இருக்கும். பாவம் நல்ல மனுஷன், வேலைக்காரி செய்த தப்புக்கு ஒளிந்து வாழ்ந்து செத்தார் என்பார்கள். அதை விட மாட்டேன் என்று முடிவு செய்தேன். இரண்டு மாதத்தில் நான் எடுத்த முதல் முடிவு அது.

வாரவிடுப்பில் சூலக்கரைக்குப் போனேன். அங்கே அனுப்பிரியா என்று ஒரு வக்கீல். என் கல்லூரித் தோழனின் அக்கா. அண்ணாச்சி எங்கே இருக்கிறார் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்பவே போலீசுக்குச் சொல்லி ஆளைப் பிடிக்க வச்சிரலாம் தம்பி. ஆனா மனுவுல இருக்கிறது இருக்கும். கையெழுத்து ஒங்களோடது. இப்ப நீங்க இல்லைன்னா, குடுத்த பணம் பத்தலைன்னு மாத்திப் பேசுறான்னு சொல்லுவாங்க."

"அப்ப?"

"அவரு அன்னைக்கு அங்க இருந்தாரு, பின்கதவை அடைச்சது அவருதான்னு வேற வாயிலருந்து வரணும். யாரு சொல்லுவா? உள்ள இருந்த ஒம்பது பேரும் போயிட்டாங்க. போர்மேன் அவரு ஆளு, வாயைத் திறக்க மாட்டான். அவரே சொன்னாத்தான் உண்டு." பிறகு, சும்மா கேட்பதுபோல், "சொல்லுவாரா?" என்றார்.

"சொல்லுவாரு. அவருக்கு அது பெருமை" என்றேன்.

ஆடி பதினெட்டுக்குப் பத்து நாள் இருந்தது. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அன்றுதான் புது சீசன் பிறக்கும். பூஜை போட்டு, ஏஜென்டுகளிடம் முதல் ஆர்டர் வாங்குவார்கள். கைராசி உள்ளவர் கையால் வாங்க வேண்டும். அண்ணாச்சிக்கு அந்தப் பேர் உண்டு. இருபத்திரண்டு வருடமாக நாக்பூர் கடைக்காரர் முனியராஜ்தான் முதல் ஆர்டர் சீட்டைக் கொடுப்பார், அண்ணாச்சிதான் வாங்குவார். வேறு கை வாங்கினால் சீசன் படுத்துவிடும் என்று ஏஜென்டுகள் நம்பினார்கள். அண்ணாச்சி அவர்களைவிட அதிகமாக நம்பினார். யூனிட்டில் செய்ய முடியாது. அவர் வெளியே போகவும் முடியாது. பூஜையை இங்கேயே, மரத்தளத்தில், கடலைப் பார்த்து வைத்துவிடுவது என்று முடிவானது. ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு.

முந்தின நாள் சாயங்காலம் முனியராஜ் வந்தார். ஊரைவிட்டு முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறாத மனுஷன். அவருக்குப் புஸ்வாணம் அறை. அவர் பெட்டியை நான் உள்ளே வைத்தபோது கேட்டார்.

"நீதான அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரன்?"

"ஆமா."

"இங்கனயே கிடக்கியேப்பா." கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கே மனசு ஒப்பல. ஒம்பது உசுரு போன கை."

"அண்ணாச்சி பத்து நிமிசத்துல தப்பிச்சாங்க, தெரியுமா? அதுவும் ராசிதானேன்னு சொல்லுவாங்க. நாளைக்கு நீங்களே கேளுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆடி பதினெட்டு. ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்தேன். கடல் பக்கக் கதவை மட்டும் திறந்தேன். காட்சிக்கு வந்திருந்த சாம்பிள் பெட்டிகள், உள்ளே வெறும் அட்டைதான், சாலைப் பக்கக் கதவை ஒட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கினேன். ஐந்து ஐம்பதுக்குக் கேமராவை ஓட விட்டேன். சூரியன் வந்தது. ஆறரைக்கு நிறுத்தவில்லை. ஸ்டூலில் ஏறிக் கேமராவைத் தளத்தைப் பார்க்கத் திருப்பினேன். இறந்த மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும், அனுப்பிரியாவுக்கும், இரண்டு நிருபர்களுக்கும் இணைப்பை அனுப்பினேன். ஏழு மணிக்குப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன்.

ஏஜென்டுகள் பதினோரு பேர். கற்பகவல்லி அம்மா கடல் பக்க வாசலில் ஒரு பித்தளை அண்டாவோடு நின்றார்.

"போனை எல்லாம் இதுல போட்டுருங்க அண்ணாச்சி. கம்பெனி வழக்கம்தான, கேட்டுல குடுத்துட்டுத்தான உள்ள வருவீக."

"இங்கன என்ன மருந்தா இருக்கு மதனி?" என்றார் ஒருவர்.

"மருந்து இல்லை. ஒங்க அண்ணாச்சி இருக்காகள்ல" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தபடி போட்டார்கள். ராஜபாண்டியனும் தன்னுடையதைப் போட்டார். உத்தரத்தில் இருப்பதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது சூரியன் பார்க்கிற கேமரா.

அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்தார். இரண்டு மாதத்தில் தொப்பை கூடியிருந்தது. கடலுக்குப் பூப் போட்டார். தேங்காய் சரியாக இரண்டாக உடைந்தது. தாம்பாளத்தில் வெற்றிலைக்கு நடுவே மஞ்சள் தடவிய ஆர்டர் சீட்டு. முனியராஜ் அதைக் கையில் எடுத்தார். நீட்டவில்லை.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீக. வீட்டுல அவ வேண்டாம்னுதான் சொல்லி விட்டா. ஒம்பது உசுரு. இந்த வருசம் சின்னவர் கையில குடுத்துரட்டா?"

நான் தண்ணீர்க் கூஜாவோடு அண்ணாச்சியின் பின்னால் நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பார் மேஜையில் சிரித்த அதே சிரிப்பு.

"முனியராஜு, ஒனக்கு விசயம் தெரியல. அன்னைக்கு நான் அங்கனதான் நின்னேன்."

"அப்பா" என்றார் ராஜபாண்டியன்.

"இருலே. நம்ம ஆளுகதான." ஏஜென்டுகளைப் பார்த்துத் திரும்பினார். மைக்குக்கு நேர் கீழே. "லாரி வரல. நூத்தியிருபது பெட்டி. போர்மேன் பம்முதான், பின்கதவை அடைச்சா உள்ள பொம்பளைக இருக்காகன்னு. அட நாந்தான் சொல்லுதேன்லே, அடுக்கு, சாயங்காலம் எடுத்துக்கிடலாம்னேன். நானே நின்னு அடுக்க வச்சேன். கார்ல ஏறுனேன். நாலு ரோடு தாண்டல, சத்தம் கேக்கு. பத்து நிமிசம். ஆத்தா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கா என்னைய. இது கைராசி இல்லைன்னா எதுலே கைராசி? செத்ததுக ராசி அப்படி. என் ராசி இப்படி. குடு."

முனியராஜ் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சீட்டைக் கொடுத்தார். அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பார் மேஜையில் நேரலை ஓடிக்கொண்டிருந்த டேப்லெட்டைப் பார்த்தேன். ஆறரைக்கு முப்பத்தெட்டுப் பேர். இப்போது இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம்.

கேசரி பரிமாறும்போது அண்டாவில் முதல் போன் அதிர்ந்தது. அடுத்தது. பிறகு எல்லாம் சேர்ந்து. பித்தளை முழுக்கக் குளவிக் கூடு மாதிரி இரைந்தது.

"யாருக்குப்பா காலங்காத்தால இம்புட்டு அவசரம்?" என்றார் அம்மா.

ராஜபாண்டியன் தன் போனை எடுத்தார். காதில் வைத்தார். எதிர்ப்பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தலையை மெதுவாக நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தார்.

"மாரி. கேமராவை அமத்தலையாலே?"

"இல்லை."

"மறந்துட்டியா?" குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று விரும்பினார்.

"மறக்கல."

அண்ணாச்சிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நேரத்திலும் அதைக் கீழே விடவில்லை.

"எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு மாசமா நீங்களும் என் கையாலதான் தின்னீங்க. அதுல நான் எதையும் கலக்கல."

அண்ணாச்சியின் கார் சாலைப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அவர் உணவகத்துக்குள் ஓடினார். பெட்டிகள் முன்னால் நின்றார். ஒன்றைப் பிடித்து இழுத்தார். மேல் வரிசை அவர் தோளில் சரிந்தது.

"யாருலே இதை இங்கன அடுக்கினது?"

"நாந்தான்" என்றேன். "சாயங்காலம் எடுத்துக்கிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். அறுபது நாளில் முதல் தடவையாக, நான் யார் என்று தெரிந்த மாதிரி பார்த்தார். கற்பகவல்லி அம்மா மரத்தளத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூஜாவைக் கீழே வைத்தேன்.

கடல் பக்கக் கதவு திறந்தே இருந்தது. அண்ணாச்சி மகன் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார். மூட்டுவலிக்காரர். எட்டரைக்கு ஜீப் வந்தபோது கால் கிலோமீட்டர் தாண்டவில்லை. இடுப்பில் சீட்டு அப்படியே இருந்ததாம்.

மத்தியானம் என்னை உட்கார வைத்து எழுதிக்கொண்டார்கள். அவர் இங்கே இருந்ததை மறைத்ததற்கு என் மேலும் வழக்கு வரும் என்றார் இன்ஸ்பெக்டர். வரட்டும் என்றேன். பழைய வாக்குமூலம் பொய்யா என்று கேட்டார். பொய் என்றேன். ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"கவனக்குறைவுன்னு அவங்க சொல்லலை. சரி. வேற என்ன சொன்னாங்க கடைசியா?"

"பேசுற நிலைமையில இல்லை சார்."

அதையும் எழுதிக்கொண்டார். அதுவும் பொய்தான்.

பேசினாள். இரண்டாம் நாள் விடியற்காலையில். முகத்தில் அதிகம் படவில்லை. கண் தெளிவாக இருந்தது. தண்ணீர் கேட்டாள், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. ஒரு விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ரூமுக்கு ரெண்டு கதவுன்னு சொன்னீகளே?"